விலை உயர்ந்த ஜிப் ஸ்வெட்ஷர்ட்டா, ஜாக்கெட்டா: எதை முதலில் வாங்குவது?

இலையுதிர் காலத்தில் லண்டனுக்குக் குடிபெயர்பவர் ஒரே ஓர் உயர்தர மேலாடை வாங்க முடியுமென்றால் எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஜாக்கெட்டையே முதலில் வாங்குங்கள்.

ஸ்வெட்ஷர்ட் பின்னலாடை, அதன் கண்ணிகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்றுதான் உடற்சூட்டைக் காக்கிறது என்பதால், வெளிக்காற்று பலமாக வீசும்போது அந்தச் சூடு எளிதில் வெளியேறிவிடும். பருத்தியாக இருந்தால் நனைந்தபின் உலரவும் வெகுநேரமாகும். நெருக்கமாக நெய்த ஜாக்கெட் காற்றைத் தடுக்கும். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானிகளுக்காக உருவான வென்டைல் என்னும் பருத்தித் துணியில், ஈரம் பட்டதும் இழைகள் உப்பி இடைவெளிகளை அடைத்து நீர் புகாமல் காக்கின்றன. இப்படிப்பட்ட துணிக்குக் கூடுதல் விலை கொடுப்பது நியாயமே.

ஸ்வெட்ஷர்ட்டில் அந்த நியாயத்தைக் கவனமாகத் தேட வேண்டும். 400 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 400 கிராம் எடை) அளவிலான கனத்த துணி, நீண்ட இழைப் பருத்தி, இழுத்துவிட்டால் உடனே பழைய நிலைக்குத் திரும்பும் ரிப் (மணிக்கட்டிலும் இடுப்பிலும் வரும் நெகிழும் பட்டை), துணியைச் சுருக்காமல் தைத்த உலோக ஜிப் ஆகியவை இருந்தால் வாங்கலாம். ஜப்பானின் வகயாமாவில் பழைய வட்டப் பின்னல் இயந்திரங்கள் மணிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் துணியையே பின்னுகின்றன. இப்படி மெதுவாகப் பின்னுவதால் வரும் மென்மைக்கு விலை உண்டு. மார்பில் பெரிதாக அச்சிட்ட பெயருக்காக மட்டும் பணம் கொடுக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து.

ஜாக்கெட்டைப் போட்டுப் பார்க்கும்போது உள்ளே தடித்த ஆடை ஒன்றை அணிந்திருங்கள். பின்னாளில் வாங்கும் ஸ்வெட்ஷர்ட்டுக்கு அக்குளிலும் தோளிலும் இடம் வேண்டும்.