‘வேகமான’, ‘வேகமாக’: எது பெயரடை, எது வினையடை?

பெயர்ச்சொல்லுக்கு முன் நின்று ‘எப்படிப்பட்ட?’ என்பதற்கு விடை சொன்னால் பெயரடை: வேகமான பேருந்து. வினையைச் சார்ந்து ‘எப்படி?’ என்பதற்கு விடை சொன்னால் வினையடை: வேகமாகப் போனது. ஒரே மாவில் இட்லியும் தோசையும் வருவதுபோல, ‘வேகம்’ ஒன்றுதான். ஊற்றும் இடம்தான் வேறு.

காரணம், ‘வேகம்’ என்பதோடு சேரும் ‘ஆகு’ என்ற வினை. அதன் பெயரெச்சம் ‘ஆன’. அது பெயரைத் தேடும். வினையெச்சம் ‘ஆக’, அது வினையைத் தேடும். பலர் கோட்டைவிடுவது ஒற்றில்: ‘வேகமாகப் போனது’ என்பதில் ‘ப்’ மிகும், ‘வேகமான பேருந்து’ என்பதில் மிகாது. சில சொற்கள் முரண்டு பிடிக்கும்: நல்ல – நன்றாக (பேச்சில் ‘நல்லா’), பெரிய – பெரிதாக.

‘ஆக’ என்று முடிந்தாலே வினையடை என்று எண்ண வேண்டாம்: ‘ஆசிரியராக இருக்கிறார்’ என்பதில் ‘ஆசிரியராக’ எப்படி என்பதைச் சொல்லவில்லை, யார் என்பதைச் சொல்கிறது. மறுபக்கம், ‘ஆக’ இல்லாவிட்டாலும் ‘மெல்ல’ வினையடைதான்.