கொசுவலை அடித்த வராண்டா: கேட்டவர்களுக்குப் பதில்

வீட்டு முன்பக்கமோ பின்பக்கமோ வலை அடித்த வராண்டா வேண்டும் என்று நிறைய பேர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். நான் கடலூர், புதுச்சேரி பக்கம் இருபது வருஷத்துக்கு மேலாக வீடு கட்டிக்கொடுப்பவன். வந்த கேள்விகளில் முக்கால்வாசி "எந்த வலை நல்ல வலை?" என்பதுதான். என்னைக் கேட்டால் அது கடைசியில் வரவேண்டிய கேள்வி. காற்று எங்கிருந்து வருகிறது, சாரல் எந்தப் பக்கம் அடிக்கிறது, கதவு எப்படித் திறக்கிறது, இந்த மூன்றும் முடிவான பிறகு வலை வாங்கப் போனால் போதும்.

கேள்வி (ஸ்ரீரங்கம்): புது வீட்டு பிளானில் சிட் அவுட் (உட்காரும் வராண்டா) 12 அடி நீளம், 5 அடி அகலம். வலை அடித்து, சாயங்காலம் நாலு பேர் உட்கார்ந்து பேசலாமா சார்?

உட்காரலாம், வரிசையாக, பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்த மாதிரி. ஒரு நாற்காலி இரண்டரை அடி பிடிக்கும். காலை நீட்ட இரண்டு அடி. அதைத் தாண்டி ஒருவர் நடந்து போக மூன்று அடி. கூட்டினால் ஏழரை. 8 அடிக்குக் குறைந்தால் எதிரெதிரே உட்கார முடியாது. திறந்த வராண்டாவில் நாற்காலியின் பின்கால் விளிம்பு வரை போகும், காலை வெளியே தொங்கவிடலாம். வலை வந்துவிட்டால் அந்த வசதி போய்விடும். அதனால் 5 அடி இன்னும் சின்னதாகத் தெரியும்.

மனையில் கோலமாவால் அளவைக் கோடு போட்டு, வீட்டு நாற்காலிகளை எடுத்துப்போய் போட்டு ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். பேப்பரில் புரியாதது அங்கே புரியும். ஊஞ்சல் ஆசை இருந்தால் முன்னும் பின்னும் மூன்று மூன்று அடி விடவேண்டும். தளம் போடும்போதே கொக்கியைக் கம்பியோடு கட்டி கான்கிரீட் போட்டுவிடுங்கள். பிறகு துளை போட்டு மாட்டும் கொக்கியில் பேரன் பேத்தியை உட்காரவைக்க எனக்கு மனசு வராது.

கேள்வி (தாம்பரம்): மேற்கு பார்த்த மனை. முன்னால் வலை வராண்டா போட்டால் வெயிலும் குறையுமா?

வலை கொஞ்சம் மறைக்கும், ஆனால் அதை நம்பாதீர்கள். மே மாதம் மாலை நாலரை மணிக்கு 4 அடி சன்ஷேடு மேலிருந்து ஏறக்குறைய 2 அடிக்குத்தான் நிழல் தரும். அதற்குக் கீழே வெயில் நேராக முகத்தில் அடிக்கும். மேற்கு வெயிலை மேலே இருந்து தடுக்க முடியாது, பக்கத்திலிருந்துதான் தடுக்கவேண்டும். வலைக்கு வெளியே மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ சுருட்டி ஏற்றி இறக்குகிற மாதிரி கட்டுங்கள். இடம் இருந்தால் வராண்டாவைக் கிழக்குப் பக்கமோ தென்கிழக்கு மூலையிலோ திருப்பிவிடலாம். சென்னையில் கடல்காற்று கிழக்கே இருந்துதான் வரும், அந்தப் பக்கம் மாலையில் நிழலாகவும் இருக்கும்.

இன்னொன்று. ஒரு அங்குலத்துக்கு ஒரு வாட்டில் 18, குறுக்கு வாட்டில் 16 கண் உள்ள வலையில் மூன்றில் ஒரு பங்கு பரப்பைக் கம்பியே அடைத்துக்கொள்ளும். அதனால் ஒரு பக்கம் மட்டும் வலை வைத்து மற்ற இரண்டு பக்கமும் சுவர் எழுப்பினால் உள்ளே புழுங்கும். வலை மூன்று பக்கமும் இருக்கட்டும், குறைந்தது எதிரெதிர் இரண்டு பக்கமாவது. அப்புறம் ஒரு மின்விசிறி. கொசு பலமாகப் பறக்கத் தெரியாத பூச்சி, விசிறிக் காற்றில் கடிக்கத் திணறும்.

கேள்வி (நாகப்பட்டினம்): கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர் கூட இல்லை. எந்த வலை போடலாம்?

இங்கேதான் என் சொந்தக் கதை. என் வீட்டு சிட் அவுட்டுக்கு முதலில் ஜி.ஐ. வலை (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி வலை) அடித்தேன். இரண்டு ஐப்பசி தாண்டவில்லை. கையால் தடவினால் காவிப் பொடி உதிர்ந்தது, கீழ்ச் சட்டத்தோரம் கம்பி தானாக அறுந்துவந்தது. ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறவன் வீட்டிலேயே இப்படி என்று வீட்டம்மா இன்னமும் குத்திக்காட்டுவார்.

உங்கள் ஊருக்கு எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வலையில் 316 ரகம். அதில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்புக்காற்றைத் தாங்கும். 304 ரகம் கடலுக்குத் தள்ளி இருக்கும் ஊர்களுக்குப் போதும், கடலோரத்தில் அதிலும் பழுப்புப் புள்ளி விழும். 316-க்குக் கை எட்டவில்லை என்றால் பி.வி.சி. பூசிய ஃபைபர் வலை போடுங்கள். துருப்பிடிக்க அதில் இரும்பே இல்லை. ஆனால் எலி கடிக்கும், பூனை நகத்துக்குக் கிழியும், அகலமான சட்டத்தில் தொய்யும். மூன்றடிக்கு மேல் விடாமல் நடுவே ஒரு குறுக்குச் சட்டம் கொடுங்கள். எந்த வலையானாலும் மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். உப்பு உட்கார்ந்திருக்கும் வரை அரிப்பு நிற்காது.

கடையில் காந்தத்தை வைத்துப் பார்த்து "ஒட்டுதே, இது எஸ்.எஸ். இல்லை" என்று சண்டை போடுபவர்கள் உண்டு. 304-ஐ மெல்லிய கம்பியாக இழுக்கும்போது லேசாகக் காந்தம் ஒட்டும் தன்மை வந்துவிடும். லேசாக ஒட்டினால் கவலை வேண்டாம், கப்பென்று பிடித்தால் சந்தேகப்படுங்கள். அளவுகோலை வலைமேல் வைத்து ஓர் அங்குலத்தில் எத்தனை கண் என்று எண்ணுங்கள். 16-லிருந்து 18-க்குள் வந்தால் கொசுவுக்குச் சரி. நிறம் கறுப்பாக எடுங்கள். வெள்ளை வலை வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும், கறுப்பு வலை வழியாகத்தான் தோட்டம் தெளிவாகத் தெரியும்.

கேள்வி (மதுரை): போன வருஷம் நல்ல வலைதான் போட்டோம் அண்ணா. கொசு குறையவே இல்லை. உள்ளே பகலிலேயே கடிக்கிறது. வலை சரியில்லையா?

வலைமேல் பழி போடாதீர்கள். இன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். வராண்டாவுக்குள் விளக்கைப் போட்டுவிட்டு, வெளி விளக்கையெல்லாம் அணைத்து, வெளியே நின்று சுற்றிப் பாருங்கள். வலையில் இல்லாமல் வேறு எங்கெல்லாம் வெளிச்சம் கீற்றாகக் கசிகிறதோ அதெல்லாம் கொசு வாசல். கதவுக்கு அடியில், சட்டத்துக்கும் தூணுக்கும் நடுவே, தூண் தலைப்பில் பூச்சு ஒழுங்கில்லாத இடத்தில், கேபிள் வந்த ஓட்டையில், ஷீட் கூரையாக இருந்தால் அதன் அலை வளைவுகளுக்கு அடியில். ஒரு தீக்குச்சி நுழைகிற சந்து போதும். தரைத் தண்ணீர் வெளியேற விட்ட ஓட்டையை யாரும் கவனிக்கமாட்டார்கள். அதற்கும் ஒரு துண்டு வலை வேண்டும்.

கதவு உள்பக்கம் திறக்கிறதா? அப்படியென்றால் பாதிக் காரணம் அதுதான். சாயங்காலம் கொசு கதவு வலைமேல் வந்து உட்கார்ந்திருக்கும். உள்ளே தள்ளித் திறந்தால் அத்தனையையும் நீங்களே வரவேற்கிறீர்கள். வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள், தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் கீல் போடுங்கள், அடியில் பிரஷ் பட்டை ஒட்டுங்கள். செருப்பு ஸ்டாண்டும் அழைப்பு மணியும் வலைக்கு வெளியே இருக்கட்டும். செருப்பைக் கழற்றும் வரை கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பவர்களை நான் நிறைய பார்த்திருக்கிறேன்.

பகலில் கடிக்கிறது என்றீர்கள், எனக்கு அங்கேதான் உறுத்துகிறது. பகலில் கடிப்பது பெரும்பாலும் ஏடிஸ், டெங்கு பரப்புகிற கொசு. வராண்டாவுக்குள் தொட்டிச்செடி இருக்கிறதா? அடித்தட்டில் தண்ணீர் நிற்கிறதா? இருந்தால் கொசு வெளியிலிருந்தே வரவில்லை, உள்ளே பிறந்து வளர்கிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தட்டைக் கவிழ்த்தால் மட்டும் ஆகாது. முட்டை தண்ணீர்க் கோட்டுக்குச் சற்று மேலே ஓரத்தில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. வாரம் ஒரு நாள் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். மணிபிளான்ட் பாட்டிலும் இதில் சேர்த்தி.

கேள்வி (தென்காசி): சாரல் காலத்தில் வராண்டா முழுக்க நனைகிறது. வலை போட்டால் தடுக்குமா?

தடுக்காது. பெரிய துளியை உடைத்துத் தூவலாக உள்ளே அனுப்பும், அவ்வளவுதான். சாரல் அடிக்கிற பக்கத்தில் இரண்டடிக் குட்டைச் சுவர் எழுப்பி அதற்கு மேல் வலை தொடங்கட்டும். கூரையை அந்தப் பக்கம் இன்னும் இரண்டடி இறக்கி நீட்டுங்கள். தரை வீட்டுத் தரையைவிட ஓர் அங்குலமாவது தாழ்ந்து, வெளிப்பக்கம் பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம் வாட்டம் இருக்கவேண்டும். டைல்ஸ் சொரசொரப்பானதாக எடுங்கள். பளபள டைல்ஸில் சாரல் ஈரம் பட்டால் வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள்.

கூரை ஷீட் என்றால் ஒரு எச்சரிக்கை. சுவர் இல்லாத வராண்டாவில் புயல்காற்று உள்ளே புகுந்து ஷீட்டைக் கீழிருந்து தூக்கும். 2011 டிசம்பரில் தானே புயல் எங்கள் பக்கம் கரை கடந்த மறுநாள் நான் பார்த்த பல வீடுகளில் தூண் நின்றது, ஷீட்டைக் காணோம். ஷீட்டை ஜே போல்ட் (J எழுத்து மாதிரி வளைந்த போல்ட்) போட்டு பைப்போடு பிணைத்து, பைப்பைத் தூணோடும், தூணை அஸ்திவாரத்தோடும் பிணைக்கவேண்டும். இதில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் காற்று அதைக் கண்டுபிடித்துவிடும்.

கேள்வி (சென்னை, வில்லிவாக்கம்): பக்கச் சந்தில் 4 அடி சும்மா கிடக்கிறது. அதை மூடி வலை அடித்தால் என்ன?

அது சும்மா கிடப்பதல்ல, செட்பேக். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 படி விடவேண்டிய திறந்தவெளி. கூரை போட்டு மூடினால் விதிமீறல். அதைவிட, உங்கள் படுக்கையறை ஜன்னல்களுக்குக் காற்று வருவதே அந்தச் சந்து வழியாகத்தான். விட்டுவிடுங்கள்.

கேள்வி (காரைக்குடி பக்கம்): தாத்தா கட்டிய வீடு. வாசல் திண்ணைக்கு வலை அடிக்கலாம் என்று தம்பி சொல்கிறான். எனக்கு மனசு வரவில்லை.

எனக்கும் வரவில்லை. திண்ணை தெருவோடு சேர்ந்தது. போகிறவர் வருகிறவர் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிற இடம். வலை அடித்தால் அது கூண்டு. தம்பியிடம் சொல்லுங்கள், பின்கட்டில் கிணற்றடிப் பக்கம் தாழ்வாரம் இருந்தால் அங்கே வலை அடிக்கட்டும். பழைய மரத்தூணில் ஆணி அடிக்காமல், தூணுக்கு உள்பக்கம் தனியாக அலுமினியச் சட்டம் நிறுத்தச் சொல்லுங்கள். நாளைக்கு வேண்டாம் என்றால் தடமில்லாமல் கழற்றலாம். முற்றத்து வானத்துக்கு மட்டும் கொசுவலை போடவேண்டாம். ஒரே சீசனில் சருகு அடைத்து, அது தலைக்குமேல் தொங்கும் குப்பைக்கூடை ஆகிவிடும்.

கேள்வி (கோவை): முதல் மாடி பால்கனி. மூன்று வயதுப் பையன், ஒரு பூனை. வலை அடித்தால் பாதுகாப்பாக இருக்குமா?

வலையைப் பாதுகாப்பு என்று நினைக்கவே வேண்டாம். குழந்தை சாய்ந்தால் வலை சட்டத்தோடு பிய்ந்துகொண்டு போகும். முதலில் கிரில், குறுக்குக் கம்பி இல்லாமல் நெட்டுக் கம்பியாக, ஏற முடியாதபடி. அதற்கு உள்பக்கம் வலை, கழற்றிக் கழுவ வசதியாக. பூனைக்காக எஸ்.எஸ். வலை. அபார்ட்மென்ட் என்றால் சங்கத்தில் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிட்டு ஆரம்பியுங்கள்.

கேள்வி (அமெரிக்கா, வட கரோலினா, ராலே): வீட்டுக்குப் பின்னால் ஏற்கெனவே மரத்தில் டெக் (தூண்கள்மேல் நிற்கும் திறந்த பலகைத் தளம்) இருக்கிறது. அதன்மேலேயே கூரை போட்டு ஸ்கிரீன்டு போர்ச் (வலை அடித்த வராண்டா) ஆக்கிவிடலாமா?

உங்கள் ஊர் வேலையை நான் நேரில் செய்ததில்லை. அங்கே இருக்கும் என் மச்சான் போன வருஷம் செய்தார், வரைபடத்தை நானும் உட்கார்ந்து பார்த்தேன். டெக் ஆட்களின் எடைக்காகக் கட்டியது. கூரை எடையும், கூரைமேல் வருகிற காற்றும் பனியும் அந்தக் கணக்கில் இல்லை. தூண் நிற்கிற அடித்தளத்தைத் தோண்டிப் பார்க்காமல் முடிவு எடுக்காதீர்கள். டெக்கை வீட்டோடு சேர்க்கும் பலகையை வெறும் ஆணியில் அடித்திருக்கிறார்களா, போல்ட் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். டெக் சரிந்த விபத்துகள் அந்த ஆணியில்தான் ஆரம்பிக்கின்றன. பெர்மிட்டும், குடியிருப்புச் சங்க அனுமதியும் முன்னாலேயே வாங்கவேண்டும்.

தரைப்பலகைகளுக்கு நடுவே சந்து இருக்கும், கொசு கீழிருந்து வரும். பலகைக்கு அடியில் வலை விரிக்கவேண்டும். மச்சான் வீட்டில் இதை மறந்து, பலகையைத் திரும்பப் பெயர்த்தார்கள். வசந்தத்தில் உங்கள் ஊர் பைன் மகரந்தம் மஞ்சள் பொடியாக எல்லாவற்றின் மேலும் படியும், எந்த வலையும் அதைத் தடுக்காது. மெத்தை உறை கழற்றித் துவைக்கிற மாதிரி வாங்குங்கள்.

கேள்வி (விழுப்புரம்): விளக்கு எப்படி?

மஞ்சள் ஒளி, குறைந்த வெளிச்சம். கொசு விளக்கைத் தேடி அவ்வளவாக வராது, நம் மூச்சையும் வியர்வை வாசத்தையும் தேடி வரும். மழை விட்ட மாலையில் வலைமேல் வந்து மொய்க்கிற ஈசலுக்காகத்தான் மஞ்சள். சுவிட்ச் போர்டு சாரல் படாத சுவரில். மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம்.

கேள்வி (சேலம்): பேப்ரிகேஷன் பட்டறைக்காரர் இப்போதே வந்து அளவு எடுக்கிறேன் என்கிறார். பூச்சு வேலை இன்னும் முடியவில்லை.

டைல்ஸ் ஒட்டி முடியும் வரை டேப்பை எடுக்கவிடாதீர்கள். பூச்சும் டைல்ஸும் சேர்ந்து ஒன்றிரண்டு அங்குலம் தின்றுவிடும். அப்புறம் சட்டத்தை அறுத்து நுழைப்பார்கள், சந்தை சிலிக்கான் வைத்து மூடுவார்கள், ஒரு வெயில் தாண்டியதும் அது உரிந்துவரும். ஒவ்வொரு திறப்பையும் மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். எந்தக் கொத்தனார் கட்டிய தூணும் நூல் பிடித்த மாதிரி இருக்காது. மூன்றில் சின்ன அளவுக்குச் சட்டம் செய்யவேண்டும். சதுர அடி விலை சொன்னால் அதில் வலை எந்த ரகம், ரப்பர் பீடிங் (வலையைச் சட்டத்தில் பிடிக்கும் பட்டை), கீல், தாழ்ப்பாள் எல்லாம் அடக்கமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சட்டங்கள் கழற்றி மாட்டுகிற மாதிரி இருந்தால், ஒவ்வொன்றின் உள்விளிம்பிலும் அதற்குரிய தூணிலும் பெயின்டில் ஒரே எண் போட்டுவிடுங்கள். பொங்கலுக்குக் கழுவ ஒன்பது சட்டத்தை ஒன்றாகக் கழற்றிப் போட்டால், எது எங்கே என்று அதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.