வாசகர் கேள்வி பதில்: ஆக்சில் ஜாயின்டும் ரப்பர் பூட்டும்

கேள்வி: என்னுடைய சிறிய கார் வாங்கி 11 ஆண்டுகள் ஆகின்றன, 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கடந்த மாதம் முதல், ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுவதும் ஒடித்து வண்டியை நகர்த்தும்போது முன்பக்கத்தில் ‘டக் டக்’ என்ற ஒலி கேட்கிறது. ஒரு மெக்கானிக் இரண்டு பக்க ஆக்சிலையும் முழுதாக மாற்றவேண்டும் என்கிறார். இன்னொருவர் புதிய கிரீஸ் அடைத்தாலே போதும் என்கிறார். பிரேக் பேடை நானே மாற்றிப் பழகியவன். இதையும் வீட்டிலேயே செய்ய முடியுமா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: முடியும். பிரேக் பேடை மாற்றத் தெரிந்த கைக்கு இது எட்டாத வேலையன்று. ஆனால் முதல் முறை செய்யும்போது ஒரு பக்கத்துக்கு ஒரு முழு நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டு யோசனைகளையும் நான் ஏற்கவில்லை. முதலாவது, தேவைக்கு மேல் செலவு வைப்பதாக இருக்கலாம். இரண்டாவது, ஒலியைச் சில நாட்களுக்கு மங்கவைப்பதைத் தவிர வேறெதையும் செய்யாது. ஏன் என்பதற்கு, அந்த ஜாயின்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

முன்சக்கரங்கள் இழுக்கும் காரில், கியர்பாக்ஸிலிருந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் ஆக்சில் ஷாஃப்ட் செல்கிறது. அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு ஜாயின்ட் உண்டு. லாரிகளின் நீண்ட ஷாஃப்டில் நாம் பார்க்கும் சிலுவை வடிவ யுனிவர்சல் ஜாயின்ட், வளைந்த நிலையில் சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடி இருமுறை குறையும். இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும் என்ற நிலையில் உள்ள முன்சக்கரத்துக்கு அது ஒத்துவராது. ஸ்டியரிங் கையில் உதறும். ஃபோர்டு நிறுவனத்தின் பொறியாளரான ஆல்ஃபிரட் செப்பா 1920களில் இதற்கு ஒரு வழி கண்டார். உள்வளையத்துக்கும் வெளிக்கிண்ணத்துக்கும் இடையே வளைந்த பள்ளங்களில் ஆறு எஃகு உருண்டைகளை வைத்து, ஒரு கூண்டின் உதவியால் அவை எப்போதும் வளைவுக் கோணத்தின் சரிபாதித் தளத்திலேயே நிற்கும்படி அவர் அமைத்ததால், ஷாஃப்ட் எவ்வளவு மடங்கினாலும் இரு பக்கமும் ஒரே வேகத்தில் சுழல்கின்றன. 1959இல் வந்த மினி கார் இந்த அமைப்பைப் பெருமளவில் பயன்படுத்தியது. நம் ஊர்த் தெருக்களில் முன்சக்கர இழுவையைப் பரவலாக்கியது 1983இல் வந்த மாருதி 800. சக்கரப் பக்கத்து ஜாயின்ட் இன்றும் இந்த வகையே. கியர்பாக்ஸ் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் மூன்று உருளைகள் கொண்ட டிரைபாட். அது மடங்குவதோடு, சக்கரம் மேலும் கீழும் ஏறி இறங்கும்போது ஷாஃப்டின் நீளத்துக்கு ஈடுகொடுக்க உள்ளும் வெளியும் சறுக்கவும் செய்யும்.

இந்த ஜாயின்டுகள் எளிதில் தேய்பவையல்ல. அவற்றை மூடியிருக்கும், துருத்தி போல மடிப்புகள் கொண்ட ரப்பர் பூட் நலமாக இருக்கும்வரை காரின் ஆயுள் முழுவதுமே உழைக்கக்கூடியவை. பூட்டில் ஒரு மடிப்பு வெடித்துவிட்டால், சுழலும் வேகத்திலேயே கிரீஸ் வெளியே வீசப்பட்டுவிடும். அந்த ஓட்டை வழியே மணலும் மழைநீரும் உள்ளே போகும். கிரீஸும் மணலும் கலந்த அந்தக் குழம்பு சாணைக்கல்லைப் போல உருண்டைகளையும் பள்ளங்களையும் அரித்து, கடினமாக்கப்பட்ட எஃகின் மேற்பரப்பைப் பொரிந்துபோகச் செய்கிறது. நீங்கள் கேட்கும் ‘டக் டக்’, உருண்டைகள் அந்தப் பொரிந்த குழிகளில் விழுந்தெழும் ஓசையாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. போன எஃகைப் புதுக் கிரீஸ் திருப்பித் தராது. ஆகவே ஒலி கேட்கத் தொடங்கிவிட்ட ஜாயின்டை மாற்றுவதே சரி.

எந்த ஜாயின்ட் என்பதை இனிக் கண்டறியுங்கள். முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது மட்டும் ஒலி வந்தால் அது சக்கரப் பக்கத்து ஜாயின்ட். வலப்பக்கம் திரும்பும்போது வருவதால் இடது சக்கரத்தினுடையதாக இருக்கலாம். திருப்பத்தில் வெளிப்பக்கமாக அமையும் சக்கரத்தின் மீது பளு கூடுவதால் பெரும்பாலும் அப்படி நேர்கிறது. ஆனால் காதை மட்டும் நம்பி உதிரிபாகம் வாங்காதீர்கள். இடது சக்கரத்தின் உட்புறத்திலும், சஸ்பென்ஷன் கம்பத்திலும் கரிய கிரீஸ் தெறித்த கோடு இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டின் மடிப்புகளை விரலால் விரித்து, அவற்றின் அடியிலும் பாருங்கள். நேராகப் போகும்போது, ஆக்சிலரேட்டரை மிதிக்கையில் வண்டி அதிர்ந்து, காலை எடுத்ததும் நின்றால், கியர்பாக்ஸ் பக்கத்து ஜாயின்டை ஐயப்பட வேண்டும். சக்கரம் சுழலும் வேகத்துக்கேற்ப நீளமான முனகல் கேட்டால் அது வீல் பேரிங்; ஆக்சிலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஒரு பக்கத்தில் ஒரு ஜாயின்ட் மட்டும் கெட்டிருந்தால் அந்த ஜாயின்ட் கிட்டை வாங்குங்கள். பூட், கிரீஸ் பொட்டலம், பூட்டின் விளிம்புகளை இறுக்கும் இரண்டு கிளாம்ப், ஜாயின்ட் கழலாமல் பிடிக்கும் வளையமான சர்க்ளிப், சக்கரத்தின் மையமான ஹப்பில் ஷாஃப்டைப் பிடிக்கும் ஹப் நட் ஆகியவை அதில் இருக்கின்றனவா என்று கடையிலேயே பிரித்துப் பாருங்கள். ஷாஃப்ட் பொருந்தும் இடத்தில் நீளவாட்டில் வெட்டப்பட்டிருக்கும் ஸ்பிளைன் பற்களின் எண்ணிக்கை பழையதோடு ஒத்திருக்க வேண்டும். ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் இறுகிவிடுவதைத் தடுக்கும் அமைப்பு) உள்ள காரில் ஜாயின்டின் மேல் பல்வளையம் இருந்தால் புதியதிலும் அதே எண்ணிக்கைப் பற்களோடு அது இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் எச்சரிக்கை விளக்கு அணையாது. ஒரே ஷாஃப்டின் இரு முனையும் தேய்ந்திருந்தாலோ, கெட்ட ஜாயின்ட் பின்னால் சொல்லும் பிரிக்கக் கூடாத வகையாக இருந்தாலோ மட்டுமே முழு ஆக்சில் வாங்குவது பொருத்தம். மறுபக்க ஆக்சிலின் பூட் நன்றாகவும் ஒலியின்றியும் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

வேலைக்கு வருவோம். சமதளமான தரையில் வண்டியை நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே ஹப் நட்டைத் தளர்த்திவிடுவது முக்கியம். தூக்கியபின் அந்த நட்டோடு மல்லாடினால் வண்டி, அதைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டிலிருந்து சரியக்கூடும். நட்டின் விளிம்பு ஷாஃப்டின் பள்ளத்தில் தட்டி மடக்கப்பட்டிருக்கும். முதலில் அந்த மடிப்பைச் சிறிய உளியால் நிமிர்த்தி, பிறகு நீளமான கைப்பிடியோடு சாக்கெட்டைப் போடுங்கள். ஒரு சுற்று தளர்ந்தால் போதும், கழற்றிவிட வேண்டாம். அதன்பின் ஜாக்கியால் தூக்கி, கையேட்டில் காட்டிய இடத்தில் ஸ்டாண்டை நிறுத்துங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன்: காருடன் வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டுமே. ஜாக்கியை மட்டும் நம்பி, ஸ்டாண்ட் இல்லாத காரின் அடியில் தலையையோ கையையோ நீட்டாதீர்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டுக்கு மாற்றாகா. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

சக்கரத்தைக் கழற்றியபின், சஸ்பென்ஷனின் கீழ்க்கையான லோயர் ஆர்மின் பால் ஜாயின்டைப் (உருண்டை மூட்டை) பிடித்திருக்கும் போல்ட்டை எடுத்து, ஆர்மைக் கீழே அழுத்தி, ஹப்பைத் தாங்கும் நக்கிளை வெளிப்பக்கமாகச் சாய்த்தால் ஷாஃப்ட் ஹப்பிலிருந்து வெளியே வர இடம் கிடைக்கும். அப்போது பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். வயரும் இழுபடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஷாஃப்ட் துருவால் ஒட்டியிருந்தால், பழைய நட்டை முனையோடு முனை சமமாக வரும்வரை திருகிவைத்து, அதன் மேல் மரக்கட்டையை வைத்துத் தட்டுங்கள்; வெறும் முனையில் சுத்தியலால் அடித்தால் மரை நசுங்கிவிடும்.

அடுத்த கட்டம் காருக்குக் கார் மாறும். சில கார்களில் சக்கரப் பக்கத்து ஜாயின்ட் ஷாஃப்டின் முனையில் ஒரு சர்க்ளிப்பால் மட்டுமே பிடிக்கப்பட்டிருக்கும். கிளாம்ப்களை வெட்டி, பூட்டைக் கிழித்தெடுத்து, கிரீஸைத் துடைத்தபின், உள்வளையத்தின் மீது பித்தளைத் துண்டை வைத்து ஓங்கி ஓர் அடி கொடுத்தால் கழன்றுவிடும். ஆனால் மாருதி சுசுகி கார்கள் பலவற்றில் சக்கரப் பக்கத்து ஜாயின்டைப் பிரிக்கக் கூடாது. அந்த ஜாயின்டே கெட்டுவிட்டால் ஷாஃப்டோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். பூட் மட்டும் போயிருந்தால், கியர்பாக்ஸ் பக்கத்து டிரைபாடைக் கழற்றி அந்த முனை வழியாகப் புதிய பூட்டை ஏற்ற வேண்டும். உங்கள் கார் எந்த வகை என்பதைக் கையேட்டிலோ உதிரிபாகக் கடையிலோ உறுதி செய்த பிறகே சுத்தியலை எடுங்கள்.

ஷாஃப்டை முழுதாக எடுப்பதானால், முதலில் கியர் ஆயிலை வடித்துவிடுங்கள். பிறகு டிரைபாட் கிண்ணத்துக்கும் கியர்பாக்ஸ் உடலுக்கும் இடையே லிவரை வைத்து நெம்புங்கள். ஷாஃப்டைப் பிடித்து இழுத்தால் கிண்ணம் அங்கேயே நிற்க, உருளைகள் மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். டிரைபாடைக் கழற்றுமுன் அதற்கும் ஷாஃப்டுக்கும் கிண்ணத்துக்கும் சேர்த்துப் பெயின்டால் கோடு போட்டுக்கொண்டால், தேய்ந்து பழகிய அதே இடத்தில் மீண்டும் பொருத்தலாம். புதிய பூட்டை ஏற்றுமுன் ஸ்பிளைன் பற்களின் மேல் டேப்பைச் சுற்றுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பற்களே புதிய ரப்பரைக் கீறிவிடும். சிறிய கிளாம்பை முதலில் ஷாஃப்டில் போட மறந்து, எல்லாம் பூட்டியபின் திரும்பக் கழற்றியவர்கள் பலர்.

கிரீஸ் விஷயத்தில் சிக்கனமும் வேண்டாம், மாற்றமும் வேண்டாம். சக்கரப் பக்கத்து ஜாயின்டுக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கரிய கிரீஸ்தான் பொருந்தும். வீட்டில் இருக்கிறதே என்று வீல் பேரிங் கிரீஸை அடைக்காதீர்கள். இரண்டு ஜாயின்டுகளுக்கும் வெவ்வேறு பொட்டலங்கள் தந்திருந்தால் அவற்றைக் கலக்கக் கூடாது. பொட்டலத்தில் தந்த அளவு முழுவதையும் பயன்படுத்தி, பெரும்பகுதியை உருண்டைகளுக்கு இடையே விரலால் அழுத்தி நிரப்பி, மீதியைப் பூட்டுக்குள் இடுங்கள். பிறகு பூட்டின் இரு விளிம்புகளும் அதனதன் பள்ளத்தில் உட்கார்ந்தபின், மழுங்கிய ஸ்க்ரூடிரைவரை விளிம்பின் அடியில் நுழைத்து உள்ளிருக்கும் காற்றைச் சமன்செய்துவிட்டே கிளாம்பை இறுக்க வேண்டும். இல்லையெனில் பூட் உப்பியோ ஒடுங்கியோ நின்று, சீக்கிரமே மடிப்பில் வெடிக்கும்.

மாட்டும்போது ஷாஃப்ட் கியர்பாக்ஸுக்குள் ‘கிளிக்’கென்று பூட்டிக்கொள்ள வேண்டும், கிண்ணத்தைக் கையால் இழுத்து, வராததை உறுதி செய்யுங்கள். ஹப்பில் எப்போதும் புதிய நட்டையே போடுங்கள். அதன் முறுக்கு பல கார்களில் 175 முதல் 300 நியூட்டன் மீட்டர் வரை மாறுபடுவதால், உங்கள் காருக்குரிய அளவைக் கையேட்டில் பார்த்து, முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். வீல் பேரிங்கை அழுத்திப் பிடித்திருப்பது இந்த நட்டுதான். அதனால் நட்டை முழு அளவுக்கு இறுக்காமல் வண்டியின் எடையைச் சக்கரத்தில் இறக்கவோ உருட்டவோ கூடாது. வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போதே ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி இறுக்குவது நல்லது. கடைசியில் நட்டின் விளிம்பைப் பள்ளத்தில் தட்டி மடக்கி, பால் ஜாயின்ட் போல்ட்டை மறுபடி சரிபார்த்து, வடித்திருந்தால் கியர் ஆயிலை நிரப்புத்துளை மட்டம் வரை ஊற்றுங்கள்.

கேள்வி: டயர் மாற்றும்போது இடதுபக்க பூட்டில் சிறிய வெடிப்பைப் பார்த்தேன். ஒலி எதுவும் இல்லை. இரண்டாகப் பிளந்து பசையால் ஒட்டும் பூட் கிடைக்கிறது என்கிறார்கள், அதைப் போடலாமா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: நீங்கள் சரியான நேரத்தில் பார்த்திருக்கிறீர்கள். இந்த நிலையில் பூட், கிரீஸ், கிளாம்ப் மாற்றினால் போதும், ஜாயின்ட் பிழைத்துக்கொள்ளும். பழைய கிரீஸை விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் துடைத்துவிட்டுப் புதியதை நிரப்பலாம். நறநறவென்றிருந்தால் ஜாயின்டை டீசலில் பலமுறை கழுவி, நன்கு உலர்த்தி, உருண்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி ஒளியில் பார்க்க வேண்டும். பள்ளத்தில் குழியோ உதிர்ந்த தடமோ நகத்தில் தட்டுப்பட்டால் ஜாயின்டையும் மாற்றிவிடுங்கள். ரப்பரில் மட்டும் டீசலோ பெட்ரோலோ படக் கூடாது.

ஒட்டும் பூட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒட்டுமிடத்தில் துளி கிரீஸ் பட்டாலும் பசை பிடிக்காது, கிரீஸோடு செய்யும் வேலையில் அதைத் தவிர்ப்பதும் கடினம். தொலைதூரப் பயணத்தில் ஊர் வந்து சேரும்வரை உதவலாம், அவ்வளவுதான். கிளாம்புக்குப் பதிலாகக் கட்டுக்கம்பியையோ பிளாஸ்டிக் டையையோ கட்டும் பழக்கமும் அப்படியே. கம்பி ரப்பரை அறுக்கும், பிளாஸ்டிக் வெப்பத்தில் தளரும்.

கேள்வி: ஒரு பட்டறையில் ஆக்சில் பூட் மாற்றிய மறுவாரமே, ஷாஃப்ட் கியர்பாக்ஸில் நுழையும் இடத்தில் எண்ணெய் சொட்டுகிறது. பூட் சரியில்லையா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: சொட்டுவது திரவமான எண்ணெயாக இருந்தால் அது பூட்டிலிருந்து வரவில்லை, பூட்டுக்குள் இருப்பது கிரீஸ். ஷாஃப்டை எடுக்கும்போதோ மாட்டும்போதோ ஸ்பிளைன் பற்கள் உரசி, கியர்பாக்ஸின் ஆயில் சீல் உதடு கீறியிருக்கும். சீல் விலை குறைவுதான், ஆனால் அதை மாற்ற ஷாஃப்டை மீண்டும் வெளியே எடுத்தாக வேண்டும். புதிய சீலின் உதட்டில் கியர் ஆயிலைத் தடவி, ஷாஃப்டைக் கோணாமல் தாங்கிப் பிடித்து நேராக நுழைக்கச் சொல்லுங்கள். அதுவரை ஆயில் மட்டத்தை நாள்தோறும் பாருங்கள். நிரப்புத்துளையின் விளிம்புக்குக் கீழே இறங்கியிருந்தால் நிரப்பாமல் ஓட்ட வேண்டாம், ஏனெனில் குறைந்த எண்ணெயில் கியர்பாக்ஸ் பேரிங்குகள் முதலில் வெந்துபோகும்.