வாக்காளர் பட்டியலில் சேர்க்க 150 யூரோ கேட்கிறார்களா?

கேள்வி: பலெர்மோவில் வசிக்கிறோம். எனக்குப் போன வருடம் இத்தாலியக் குடியுரிமை கிடைத்தது. மனைவி இன்னும் இலங்கைக் குடிமகள். ஐரோப்பிய ஒன்றிய நீண்டகால வதிவிட அனுமதி இருக்கிறது. அடுத்த சிசிலி பிராந்தியத் தேர்தலுக்கு இருவரையும் பதிந்து தருவதாக எங்கள் ஆள் ஒருவர் 150 யூரோ கேட்கிறார். ஒரு கட்சிக்கும் வேறு அணியின் பிராந்தியத் தலைவர் வேட்பாளருக்கும் குறியிட்டால் வாக்கு செல்லாது என்றும் சொல்கிறார். உண்மையா?

பதில்: ஒரு சதமும் கொடுக்காதீர்கள். குடியுரிமைச் சத்தியம் செய்து பதிவு முடிந்ததும் உங்கள் கொமூனேயே (நகரசபையே) உங்களை வாக்காளர் பட்டியலில் சேர்த்துவிடும். விண்ணப்பமும் இல்லை, கட்டணமும் இல்லை. வாக்காளர் அட்டையும் இலவசம்தான். இன்னும் கைக்கு வரவில்லை என்றால் அடையாள அட்டையோடு கொமூனேயின் தேர்தல் அலுவலகத்துக்கு நீங்களே போய்க் கேளுங்கள்.

உங்கள் மனைவியை யாராலும் பதிய முடியாது. பிராந்தியத் தேர்தலில் வாக்களிக்க இத்தாலியக் குடியுரிமை கட்டாயம். இத்தனை வருடம் உழைத்து வரி கட்டியவருக்கு ஆஸ்பத்திரியை நடத்தும் அரசைத் தேர்ந்தெடுக்க உரிமை இல்லை என்பது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதல்ல. குடியுரிமைக்கான 10 வருடக் காத்திருப்பை 5 ஆகக் குறைக்க 2025 ஜூனில் பொதுவாக்கெடுப்பு வைத்தார்கள். பாதிப் பேர்கூட வாக்களிக்க வராததால் அது செல்லாமல் போனது.

இனி வாக்குச் சீட்டு. அவர் சொன்னது தவறு. சிசிலியில் உங்களுக்கு இரண்டு வாக்கு: ஒன்று உங்கள் மாவட்டத்தில் நிற்கும் கட்சிப் பட்டியலுக்கு, மற்றது பிராந்திய அரசின் தலைவருக்கு. இரண்டும் ஒரே அணியாக இருக்கவேண்டியதில்லை. ஆனால் கட்சிக்கு மட்டும் குறியிட்டு விட்டால் அந்த வாக்கு அக்கட்சி ஆதரிக்கும் தலைவருக்கும் சேர்ந்தே போகும். அவரைப் பிடிக்கவில்லை என்றால் உங்களுக்குப் பிடித்தவரின் பெயரிலும் கட்டாயம் குறியிடவேண்டும். தலைவருக்கு மட்டும் குறியிட்டாலோ எந்தக் கட்சிக்கும் எதுவும் போகாது. கட்சிப் பட்டியலில் விருப்பமானவரின் பெயரையும் எழுதலாம். 2022 தேர்தலில் ஒரு பெயர்தான் எழுத முடிந்தது. நகரசபைத் தேர்தல்போல இரண்டு எழுதலாம் என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

இதைத் தெரிந்துகொள்ளச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆஸ்பத்திரிகளையும் மருத்துவ சேவையையும் நடத்துவது ரோம் அல்ல, பிராந்திய அரசு. மாவட்ட சுகாதார நிறுவனங்களின் தலைமை இயக்குநர்களை நியமிப்பதும் அதுதான். ஒரு ஸ்கேனுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும்போது கோபம் யார்மேல் போகவேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். தலைவர் விலகினால் 70 பேர் கொண்ட பேரவையும் கலைந்துவிடும். குஃபாரோ 2008இலும் லொம்பார்தோ 2012இலும் விலகியபோது சிசிலி அப்படித்தான் முன்கூட்டியே தேர்தலுக்குப் போனது. 2022இலும் மூசுமெச்சி விலகியதால் தேர்தல் சில வாரம் முன்னதாகவே வந்தது. கணக்குப்படி அடுத்தது 2027.

இந்த 150 யூரோவைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. இப்படிப்பட்டவர்கள் அடுத்ததாக உங்கள் வாக்காளர் அட்டையை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்புறம் இன்னாருக்கே போடு, போட்டதைப் படம் எடுத்துக் காட்டு என்பார்கள். நம் சனத்தின் வாக்குகளை மொத்தமாகப் பேசி விற்பதே இவர்கள் வேலை. வாக்குச்சாவடித் தடுப்புக்குள் கைபேசி கொண்டு போவது குற்றம். 3 முதல் 6 மாதம் வரை சிறையும் 300 முதல் 1000 யூரோ வரை அபராதமும் உண்டு. மாட்டுவது நீங்கள்தான், அவர் அல்ல. அட்டையை ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் கராபினியேரி பொலிஸிடம் புகார் கொடுங்கள்.

மனைவிக்கான வழி வேறு. நீங்கள் இத்தாலியரான நாளிலிருந்து 2 வருடம் அவர் இங்கே சட்டப்படி வசித்தால் திருமணத்தின் பேரில் குடியுரிமை கேட்கலாம். உங்களுக்குப் பிள்ளைகள் இருந்தால் ஒரு வருடம் போதும். விண்ணப்பத்தை உள்துறை அமைச்சின் இணையதளத்தில் ஸ்பித் என்ற டிஜிட்டல் அடையாளக் கணக்கு வழியாகப் போடவேண்டும். அரசுக் கட்டணம் 250 யூரோ. அவரிடம் இருக்கும் அனுமதிக்கு பி1 நிலை இத்தாலிய மொழிச் சான்றிதழ் தேவையில்லை. அதையும் விற்க இதே ஆள் வருவார், வாங்காதீர்கள்.