மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு முன் முடக்குவாத மருந்துகளை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. பல வருடங்களாக முடக்குவாதம். ஞாயிறுதோறும் மெத்தோட்ரெக்ஸேட் 15 மி.கி., தினமும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், பிரெட்னிசலோன் 5 மி.கி., வலி அதிகமானால் டைக்ளோஃபெனாக், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடாலிமுமாப் ஊசி. அடுத்த மாதம் முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. "காயம் ஆறாது, ஒரு மாதம் முன்பே எல்லாவற்றையும் நிறுத்திவிடு" என்று உறவினர்கள் சொல்கிறார்கள். நிறுத்தலாமா?

பதில்: மொத்தமாக நிறுத்த வேண்டாம். ஒவ்வொரு மருந்தும் உடலில் வேறு வேலை செய்கிறது, அதனால் ஒவ்வொன்றுக்கும் பதிலும் வேறு.

முதலில் மெத்தோட்ரெக்ஸேட். பலரும் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் 2001-இல் இங்கிலாந்தில் முடக்குவாதம் உள்ள 388 பேரிடம் நடந்த ஆய்வில், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 2 சதவீதத்தினருக்குத்தான் கிருமித்தொற்று போன்ற சிக்கல் வந்தது. நிறுத்தியவர்களில் 15 சதவீதத்தினருக்கு வந்தது. அமெரிக்க வாதநோய் மருத்துவர்களும் மூட்டு மாற்று நிபுணர்களும் சேர்ந்து 2022-இல் புதுப்பித்த வழிகாட்டுதலும் தொடரச் சொல்கிறது. நிறுத்தினால் வாதம் கிளம்பிவிடும். கை மூட்டு வீங்கிக் கிடந்தால் ஊன்றுகோலைப் பிடித்து எப்படி நடை பழகுவார்? சிறுநீரகம் கெட்டிருந்தாலோ, ஏற்கெனவே தொற்று இருந்தாலோ மட்டும் கணக்கு மாறும். அதனால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை அவசியம்.

இந்த மருந்தில் நான் உண்மையில் அஞ்சுவது வேறொன்றை. மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை மட்டும் போடும் மாத்திரை. ஆஸ்பத்திரியில் மருந்துச் சீட்டை மாற்றி எழுதும்போது 'தினமும்' என்று தவறிவிட்டால் ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். 'ஞாயிறு மட்டும்' என்று பெரிய எழுத்தில் எழுதி நர்ஸிடம் கொடுங்கள். கூடவே இருப்பவர் தினமும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை அப்படியே தொடரலாம்.

பிரெட்னிசலோன் ஒரு ஸ்டீராய்டு. அதைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்குச் சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். அறுவை சிகிச்சையின்போது உடலுக்குத் தேவையான கார்டிசோல் என்ற ஹார்மோனை அதனால் உடனே சுரக்க முடியாது; ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அறுவை சிகிச்சை அன்று காலையும் வழக்கமான 5 மி.கி. மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரோடு போட வேண்டியிருக்கும். கூடுதல் ஸ்டீராய்டு ஊசி வேண்டுமா என்பதை மயக்க மருந்து மருத்துவர் முடிவு செய்வார். அம்மா எப்போதாவது பெயர் தெரியாத வாதப் பொடி, லேகியம் சாப்பிட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அப்படி விற்கப்படும் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பரிசோதனைகளில் தெரியவந்திருக்கிறது.

தேதி பார்த்துத் தள்ளிவைக்க வேண்டியது, நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கும் அடாலிமுமாப் ஊசியை. 1-ஆம் தேதி போட்டால் அடுத்தது 15-ஆம் தேதி வரும். அந்த 15-ஆம் தேதி ஊசியைப் போடாமல், அன்றிலிருந்து ஒரு வாரத்துக்குள் அறுவை சிகிச்சையை வைப்பதுதான் வழக்கம். அப்போது மருந்தின் வேகம் குறைந்திருக்கும், தொற்று அபாயமும் குறையும். தையல் பிரித்து, சிவப்போ கசிவோ இல்லாமல் காயம் ஆறிவருவதைப் பார்த்த பிறகு, பொதுவாக 14 நாள் கழித்து, மறுபடி தொடங்கலாம். தேதி முடிவாகும் முன்பே அறுவை மருத்துவரையும் வாதநோய் மருத்துவரையும் பேசவையுங்கள். வேறு யாராவது முடக்குவாதத்துக்கு டோஃபாசிட்டினிப் என்ற மாத்திரை எடுத்தால் அதே வழிகாட்டுதல்படி குறைந்தது மூன்று நாள் முன்பு நிறுத்த வேண்டும்.

டைக்ளோஃபெனாக் ரத்தம் உறைவதைத் தடுக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று உங்கள் அறுவை மருத்துவர் சொல்வார். அதுவரை வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று கேளுங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் மட்டும் இதய மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தக் கூடாது.

மருந்துப் பேச்சில் மறந்துபோகும் ஒரு விஷயம் கழுத்து. நாட்பட்ட முடக்குவாதத்தில் கழுத்தின் மேல் இரு எலும்புகளுக்கு இடையிலான பிடிப்பு தளர்ந்திருக்கலாம். மயக்கம் கொடுத்துக் குழாய் செருகத் தலையைச் சாய்க்கும்போது தண்டுவடம் அழுந்தக்கூடும். கழுத்து வலி, கை மரத்துப்போவது இருந்தால் முன்கூட்டியே சொல்லி, கழுத்தை முன்னும் பின்னும் வளைத்து எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

அப்புறம், வீடு திரும்பியபின் காயத்தில் நீர் கசிந்தால் 'காய்ச்சல் இல்லையே' என்று காத்திருக்க வேண்டாம். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் தெரியாமல் போகலாம். கசிவு கண்ட அன்றே அறுவை சிகிச்சை செய்த மருத்துவரிடம் காட்டுங்கள்.