எந்த ராஜராஜன்?

கேள்வி: போன இதழில், தாராசுரம் கோயிலைக் கட்டியவன் இரண்டாம் ராஜராஜன் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் பக்கத்தில் ராஜராஜன் என்றாலே பெரிய கோயில் கட்டியவர்தான். வம்சமும் ஒன்று, பெயரும் ஒன்று. எதற்கு இந்த முதலாம், இரண்டாம் எல்லாம்?
- வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: எண்ணை விட்டதால்தான் இந்தக் குழப்பமே வந்தது ஐயா. பெரிய கோயில் ராஜராஜன் 985இல் பட்டத்துக்கு வந்து 1014 வரை ஆண்டவன். தாராசுரத்தைக் கட்டியவன் ஆட்சிக்கு வந்தது 1146இல், அதாவது நூற்று முப்பது வருஷம் கழித்து, நடுவே எட்டு அரசர்கள் ஆண்டு முடித்த பிறகு. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம், பேரன் என்ற சொல்லே பெயரனிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அதற்காகத் தாத்தா வெட்டிய குளத்தையும் பேரன் போட்ட போர்செட்டையும் ஒரே ஆள் கணக்கில் எழுதுவீர்களா?

சோழர் வீட்டிலும் இதே வழக்கம்தான். முதல் ராஜராஜனின் அக்காவும் குந்தவை, மகளும் குந்தவை. அந்த மகளை ஆந்திரப் பக்கத்து வேங்கி நாட்டுக்குக் கட்டிக்கொடுத்தார்கள், அங்கே அவளுக்குப் பிறந்த பிள்ளையும் ஒரு ராஜராஜன், தாத்தாவின் பெயர்.

கல்வெட்டில் முதலாம், இரண்டாம் என்றெல்லாம் இருக்காது, அது பின்னால் வந்த ஆய்வாளர்கள் போட்டது. ‘ராஜராஜ தேவர்க்கு யாண்டு’ இத்தனை என்று மட்டும் இருக்கும், அதுவும் பட்டத்துக்கு வந்த ஆண்டிலிருந்து எண்ணிய கணக்கு. அப்போது கைகொடுப்பது மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனின் புகழைப் பாடும் பகுதி. ‘திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்’ என்று தொடங்கினால் பெரிய கோயில்காரன், ‘பூமருவிய’ என்று தொடங்கினால் தாராசுரத்துக்காரன். பட்டப்பெயரும் உதவும், முன்னவன் ராஜகேசரி, பின்னவன் பரகேசரி. சிதைந்த கல்லில் அந்த முதல் வரி எஞ்சியிருக்கிறதா என்று கல்வெட்டு படிக்கிறவர்கள் தவித்துத் தேடுவது இதற்காகத்தான்.

உங்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. தஞ்சைக் கோயிலுக்கும் ராஜராஜேச்சுரம் என்று பெயர், தாராசுரம் கோயிலுக்கும் அதே பெயர். ராஜராஜபுரம்தான் தேய்ந்து தாராசுரம் ஆனது. ஆனால் உள்ளே போய்ப் பாருங்கள். கருவறையைச் சுற்றி வெளிச்சுவரின் அடியில் நாயன்மார் கதைகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக, பெயர் பொறித்து, வரிசையாக வரும், பெரியபுராணத்தை ஒட்டியபடி. சேக்கிழார் அதைப் பாடியது இரண்டாம் ராஜராஜனின் அப்பா இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். கோயிலை முதல் ராஜராஜன் பேரில் எழுதினால், சேக்கிழார் பாடுவதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே அவர் நூல் கல்லில் ஏறிவிட்டது என்றாகிவிடும். அப்பா காலத்தில் பாட்டாக வந்ததை மகன் கல்லில் செதுக்கி வைத்தான், எனக்கு அந்தக் கோயிலில் மிகப் பிடித்த விஷயமே இதுதான், அதை விட்டுக்கொடுக்க முடியாது.

அப்புறம் மூன்றாம் ராஜராஜன் ஒருவன் இருக்கிறான், அவனை யாருமே கேட்பதில்லை. பாண்டியர் படை தஞ்சையையும் உறையூரையும் எரித்த பிறகு ஆண்டவன். அவனைக் காடவர் தலைவன் கோப்பெருஞ்சிங்கன் பிடித்துச் சேந்தமங்கலத்தில் சிறை வைத்தான், ஹொய்சள நரசிம்மனின் தளபதிகள் வந்துதான் மீட்டார்கள். திருவந்திபுரம் கல்வெட்டில் அந்தக் கதை முழுக்க இருக்கிறது. ராஜராஜன் என்றால் ஒருவன்தான் என்று வைத்துக்கொண்டால், அந்தச் சிறைவாசத்தையும் பெரிய கோயில் கட்டியவன் தலையில்தான் எழுத வேண்டியிருக்கும்.