ஊரே பிடிக்கும் கயிறு

வணக்கம் ஐயா,

வரும் கோடை விடுமுறையில் எங்கள் கிராமத்தில் ஒருநாள் விளையாட்டு விழா நடத்தவிருக்கிறோம். சென்ற முறை நன்றாக ஓடக்கூடிய சில பிள்ளைகளே எல்லாப் போட்டிகளிலும் ஓடினார்கள். மற்றவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுக் கலைந்துவிட்டார்கள். அந்தக் குறை தீர, நண்பகலில் ஊரையே இரண்டாகப் பிரித்து, பக்கத்துக்கு 100 பேராகக் கயிறு இழுக்கும் போட்டி வைக்க நினைக்கிறோம். நீளமான நைலான் கயிறு கைவசம் இருக்கிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறோம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கலைந்து போனவர்களை நீங்கள் நினைவில் வைத்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியளிக்கிறது. ஆனால் அந்த நைலான் கயிற்றை மட்டும் தயவுசெய்து களத்துக்குக் கொண்டுவராதீர்கள்.

ஒருவர் 50 கிலோ எடையளவு விசையோடு இழுப்பதாக வைத்துக்கொண்டாலும், ஒரு பக்கத்தில் 100 பேர் சேர்ந்தால் கயிறு தாங்க வேண்டியது ஐந்து டன். நைலான் அந்த இழுப்பில் நீண்டு, இழுப்பவர்களின் பலத்தையெல்லாம் தனக்குள் சேர்த்துவைத்துக்கொள்ளும். அறுந்துவிட்டால் அவ்வளவும் சாட்டையடியாகத் திரும்பி வரும். 1997-இல் தைபே நகரில் 1,600-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்ட இத்தகைய போட்டியில் கயிறு அறுந்து, இரண்டு பேரின் இடக்கை துண்டாகிப்போனது. கூட்டம் பெருகப் பெருகப் பிடி நழுவாதிருக்கக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளும் ஆசையும் வரும். எத்தனை பேர் இழுத்தாலும் அதை அனுமதிக்கவே கூடாது.

1900 முதல் 1920 வரை ஒலிம்பிக்கில் இடம்பெற்ற இந்த விளையாட்டை இன்றைய பன்னாட்டுப் போட்டிகளில் பக்கத்துக்கு எட்டுப் பேரே ஆடுகிறார்கள். நீங்கள் சொல்லும் 200 பேரை எட்டெட்டுப் பேராகப் பிரித்தால் 25 அணிகள் கிடைக்கும்; ஒரே ஒரு முறை இழுத்து முடிந்துபோகும் ஆட்டம் மாலை முழுவதும் நீளும். அந்தப் போட்டிகளில் அணிகளை வகைப்படுத்துவது எட்டுப் பேரின் மொத்த எடையைக் கொண்டுதான் என்பது உங்களுக்கு மிகவும் பயன்படும். மொத்த எடை ஏறக்குறைய சமமாக இருந்தால் போதும் என்று வைத்துக்கொண்டால், சென்ற முறை எல்லாவற்றிலும் ஓடிய பிள்ளைகளும் ஒருமுறைகூடக் களத்தில் இறங்காத நடுவயதுக்காரர்களும் ஒரே கயிற்றைப் பிடிக்கலாம். எடை போடுவது, அணி சேர்ப்பது, முறை அழைப்பது எல்லாம் இழுக்க இயலாதவர்களுக்கான பொறுப்புகளாகிவிடும். சிறு குழந்தைகளை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம்.

விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பதால் கூச்சமுள்ளவர்கள் எழுந்து வந்துவிடமாட்டார்கள். ஒரு வாரம் முன்பே வீடு வீடாகப் போய், "நீங்கள் எங்கள் அணியில் இருக்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். பரிசுகளுக்குச் செலவிடும் உழைப்பை இதற்குச் செலவிடலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

நண்பகலையும் தவிர்த்துவிடுங்கள். நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில் வெயில் கடுமையாக இருக்கும். நிழல் நம் உயரத்தைவிட நீண்ட பிறகு, காத்திருப்பவர்களுக்குப் பந்தலும் குடிநீரும் வைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்குங்கள். முதியவர்கள் பாதியில் வீடு திரும்பாமல் இருக்க அதுவே வழி.

கயிற்றைப் பொறுத்தவரை, பன்னாட்டு விதிகள் குறைந்தது 33.5 மீட்டர் நீளமும் 10 முதல் 12.5 சென்டிமீட்டர் சுற்றளவும் கேட்கின்றன. அந்தத் தடிமனில், அதிகம் நீளாத இயற்கை நாரில் முறுக்கிய கயிற்றை வாங்குங்கள். முந்தைய நாள் மாலையே அதைத் தரையில் விரித்து, முழம் முழமாகக் கையால் தடவிப் பாருங்கள். ஓரிடத்தில் இழை நைந்திருந்தாலும் அதை ஒதுக்கிவிட்டு வேறு கயிறு தேடுங்கள்.

அன்புடன்.